அம்மா ஏசினா, அப்பா கண்டிச்சார்

ஆங்கில வகுப்பில ‘ஸ்கோல்ட்’ என்ற சொல்லுக்கு வசனம் எழுதச் சொன்னால் எங்கட வகுப்பில முக்கால்வாசிப் பேரும் ‘மை மதர் ஸ்கோல்டட் மீ’ என்றுதான் எழுதினோம். அப்பாமார் ஏசாமலா இருந்தவை? ஏசினவைதான். ஆனால் அவர்கள் ஏசினால் அதுக்குப் பேர் கண்டிப்பு.

இந்த வித்தியாசம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ‘ஸ்கோல்ட்’ முதலில் ஒரு செயலை அல்ல, ஓர் ஆளைக் குறித்த சொல். பழைய நோர்ஸ் மொழியில் கவிஞரைக் குறித்த ‘ஸ்கால்ட்’ என்ற சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கவிஞர்கள் அரசரைப் புகழ்ந்தும் பாடுவார்கள், வேண்டாதவரை வசையும் பாடுவார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது கவிதை போய்விட்டது, வசை மட்டும் மிஞ்சியது. போகப்போக அது வாய் நீண்ட பெண்ணுக்கான பெயராகிவிட்டது.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இங்கிலாந்தில் ‘கொமன் ஸ்கோல்ட்’ என்பது ஒரு குற்றம். அயலவரோடு ஓயாமல் சண்டை பிடிக்கிறாள் என்று ஒரு பெண்ணைக் கதிரையில் கட்டி ஆற்றிலோ குளத்திலோ முக்கி எடுப்பார்கள். சில ஊர்களில் தலைக்கு இரும்புக் கூடு மாட்டி, நாக்கை ஒரு தகட்டால் அமத்தி விடுவார்கள். இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான். அமெரிக்காவில் 1829இல் ஆன் ரோயல் என்ற எழுத்தாளரை இதே குற்றத்துக்காக நீதிமன்றில் நிறுத்தி 10 டொலர் தண்டம் அறவிட்டார்கள். இங்கிலாந்து இந்தக் குற்றத்தைச் சட்டத்தில் இருந்து எடுத்தது 1967இல்தான்.

எங்களிடம் அப்படிக் கதிரையும் இல்லை, இரும்புக் கூடும் இல்லை. சொல் இருக்கிறது: வாயாடி, வாய்க்காரி. ஊர்க் கூட்டமொன்றில் என் சிநேகிதி எழும்பி, சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே என்று கேட்டாள். பதில் வரவில்லை. “சரியான வாய்க்காரி” என்று பின்வரிசையில் ஒரு குரல், கூடவே சிரிப்பு. அதே கேள்வியை ஒரு பெடியன் கேட்டிருந்தால் ‘துணிஞ்சவன்’ என்றிருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. கணக்கும் வரவில்லை.

ஏசுறது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. எங்கட நாட்டு ஆங்கிலத்தில் தூசணத்தால ஏசுறதும் ‘ஸ்கோல்ட்’ தான், “சாப்பிட்டிட்டுப் போ” என்று அம்மா கத்துறதும் ‘ஸ்கோல்ட்’ தான். முதலாவதை யார் செய்தாலும் பிழை. ஆனால் ஒரு பெண் குரலை உயர்த்தினதும் அவளுக்கு ஒரு பட்டம் சூட்டினால், அவள் கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லாமல் போய்விடுகிறது. அந்தப் பட்டத்தின் வேலையே அதுதான்.

அடுத்த முறை ‘வாயாடி’ என்று வாயில வந்தால் ஒரு நிமிசம் பொறுங்கோ. அவள் சொன்னது பொய்யா, இல்லை சத்தமாச் சொன்னதுதான் பிழையா?