பொடிக்கல் கணக்கு

"இந்த ஏரியா பசங்களுக்குக் கணக்கு ஏறாது சார்." எம்.கே.பி. நகரில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏறாதது கணக்கல்ல தோழர்களே, அதை நடத்துகிற லட்சணம். பத்தாம் வகுப்பில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' என்று ஒரு பாடம். திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு. சூத்திரத்தை உருப்போடு, எண்ணைப் போடு, மார்க் வாங்கு. அந்த எண்ணை யார் போய் எடுத்தார்கள், யாரை விட்டுவிட்டு எடுத்தார்கள் என்று கேட்டால், பரீட்சைக்கு வராதாம்.

எங்கள் மாலை வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு ஜல்லியைக் கொட்டினோம். சின்னதும் பெரிசுமாக நூறு கல். தராசு காய்கறிக் கடையில் இரவல். "மொத்தத்துக்கும் மாதிரியா அஞ்சு கல் எடு. எடையை இருபதால பெருக்கு. மொத்தம் எவ்ளோன்னு சொல்லு." எட்டுக் குழு எடுத்தது. எட்டும் உண்மையான எடையைத் தாண்டிப் போய்விட்டது. எவரும் ஏமாற்றவில்லை. பெரிய கல் கண்ணில் படுகிறது, கைக்கு வருகிறது. பொடிக்கல் அடியில் கிடக்கிறது. பிறகு கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்தோம். சிலருக்குக் கூட வந்தது, சிலருக்குக் குறைய வந்தது. ஒரே பக்கமாகச் சாய்வது நின்றது. (கெல்மனும் நோலனும் 2002இல் எழுதிய புத்தகத்தில் இதையே மிட்டாய்ப் பையை வைத்துச் செய்யச் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பில் மிட்டாய் மிஞ்சாது.)

ஒன்பதாவது படிக்கிற பெண் கேட்டாள்: "சர்வேக்கு வர்றவங்க மெயின் ரோட்டு வீட்லயே எழுதிக்கினு போய்ட்டா, கால்வா ஓரத்துல கீற நாங்க பொடிக்கல்லா சார்?"

இதற்கு எந்தப் பரீட்சையில் மார்க் போடுவீர்கள்?

எண்ணிக்கையில் நம்மைக் கரைப்பது பழைய வித்தை. 1932இல் லோதியன் குழு வாக்குரிமையை விசாரிக்க வந்தது. ஐக்கிய மாகாணத்தில் ஒரு கோடிக்கு மேல் என்று மக்கள்தொகைக் கணக்கு சொன்ன தீண்டப்படாதோரை, சில லட்சம் பேர்தான் என்று மாகாணக் குழு சாதித்தது. தலை குறைந்தால் பிரதிநிதித்துவம் குறையும். பாபாசாகேப் அந்தப் பொய்க் கணக்கோடு மல்லுக்கட்டியது அதனால்தான்.

மக்கள்தொகைக் கணக்கு மாதிரி எடுப்பதல்லவே, எல்லாரையும் எண்ணுவதாயிற்றே என்பீர்கள். 2011 கணக்கில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதை அரசின் மறு ஆய்வே ஒத்துக்கொண்டது. அந்த 23 பேர் எந்தத் தெரு?

2027 மார்ச் 1ஐ வைத்து எடுக்கும் கணக்கெடுப்பில் எல்லாருடைய சாதியையும் எழுதப்போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் இப்போதே கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு நம்பர் போட்டு வருகிறார்கள். கணக்கெடுப்பவர் வந்து போனதும் சீட்டுக் குலுக்கி முப்பது வீட்டுக் கதவைத் தட்டுவோம். ஒரே கேள்வி: "உங்க வூட்டுல எத்தினி பேரு, எத்தினி பேரை எழுதினாங்க?"