கெமரா கட்டுமுன் எங்களைக் கேளுங்கள்



மலையில் சிறுத்தை நடமாடுகிறது என்று சொன்னால், "நாயைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள்" என்பதுதான் தோட்ட அலுவலகத்தில் நாம் கேட்டுப் பழகிய பதில். அதற்கு மறுபதில் சொல்ல எமது தோட்டக் கமிட்டி இளைஞர்கள் காசு சேர்த்து, ஃபிளாஷ் உள்ள மலிவான தானியங்கிக் கெமரா ஒன்றை வாங்கினார்கள். சாதாரண ஸ்மார்ட் கைபேசியின் விலைகூட அதற்கு இல்லை. உடம்புச் சூடுள்ள ஏதாவது முன்னால் அசைந்தால் அது தானாகவே படம் எடுக்கும். பணிய லயத்துக்குக் கீழே, குப்பை கொட்டும் இடத்துக்கும் காட்டுத் தொங்கலுக்கும் நடுவில் உள்ள மரத்தில் அதைக் கட்டினார்கள்.

முதல் வாரம் கிடைத்ததெல்லாம் லயத்து நாய்கள். பனிமூட்டம் இறங்கிய இரவுகளில் ஃபிளாஷ் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி, படம் வெறும் வெள்ளையாக வந்தது. குளிரில் பட்டரி சீக்கிரம் தீர்ந்தது. கெமரா விழித்துக்கொள்வதற்குள் மிருகம் கடந்துபோய், வால் மட்டும் விழுந்த படங்களும் உண்டு. பெட்டியில் அச்சடித்திருந்த மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆனால் மூன்றாம் வாரம் ஒரு படம் விழுந்தது. முழுச் சிறுத்தை, பக்கவாட்டில், மஞ்சள் நிறமும் புள்ளிகளும் தெளிவாக. அகச்சிவப்புக் கெமராவில் இரவுப் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்; ஃபிளாஷ் கெமராவில் நிறத்தோடு வரும். ஒரு சிறுத்தையின் புள்ளிகள் இன்னொன்றுக்கு இராது. ஆகவே நடமாடுவது ஒன்றா, இரண்டா என்றும் கண்டுகொள்ளலாம். குறை ஒன்று: வெளிச்சம் கெமராவையும் காட்டிக் கொடுக்கும். சுருக்கு வைக்க வருகிறவன் அதை அறுத்துக்கொண்டு போவான்.

எமது முடிவு: எமது தேவைக்கு இது போதும். அப்படியானால் "அதற்கெல்லாம் செலவு செய்ய முடியாது" என்று எந்த நிர்வாகமும் இனிச் சொல்ல முடியாது.

மலையகத்துச் சிறுத்தைகள் கெமராவுக்குப் புதியவை அல்ல. டிக்கோயாப் பக்கத்தில் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றைப் படம் பிடித்திருக்கிறார்கள். காட்டுத் துண்டுகளுக்கு நடுவே தேயிலை மலைகள் வழியாக அவை போய்வருவது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அந்த ஆய்வை நாம் மதிக்கிறோம். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை உடவளவையில் உயிர்விட்டபோது நாமும் வருந்தினோம். பன்றிக்கு வைக்கும் சுருக்கில் சிறுத்தை சாவதை இந்தச் சங்கம் ஒருநாளும் ஆதரிக்காது.

ஆனால் ஒரு கேள்வி. இரவு இரண்டு மணிக்குச் சிறுத்தை போன மலைக்குத்தான் காலையில் பெண்கள் நிரை பிடிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு அதை யார் சொல்கிறார்கள்? கவ்வாத்து வெட்டாமல், புல் எடுக்காமல் காடாக விட்ட மலையில் குட்டி போட்ட சிறுத்தையும் இருக்கும், குளவிக்கூடும் இருக்கும். 1992இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகள் மலையைக் காடாக்கிவிட்டு, "மிருகம் காட்டிலிருந்து வந்தது" என்று சொல்வது என்ன நியாயம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிர்வாகம் நாளைக்கே கெமரா கட்டலாம், எம்மைக் கேட்காமல். மலையில் கழிப்பறை இல்லை. எமது தாய்மார் கான் ஓரத்திலும் செடி மறைவிலும் ஒதுங்குகிறார்கள். கெமராவுக்குச் சிறுத்தையும் ஒன்றுதான், பெண்ணும் ஒன்றுதான். சூடும் அசைவும் இருந்தால் படம் எடுக்கும்.

இது வெறும் பயம் அல்ல. இந்தியாவின் கோர்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்கு வைத்த கெமராவில், காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் விழுந்தது. அது கைபேசிகளில் பரப்பப்பட்டது. ஆத்திரமடைந்த ஊரார் கெமராக்களை உடைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்துள்ளது. மிருகம் விலகிப் போகட்டும் என்று பாடிக்கொண்டும் சத்தமாகப் பேசிக்கொண்டும் விறகு பொறுக்கிய பெண்கள், கெமராவுக்குப் பயந்து குரலை அடக்கிக்கொண்டார்கள் என்றும் அது சொல்கிறது. பாதுகாப்புக்கு என்று வைத்த பொருள் அவர்களுடைய பாதுகாப்பையே பறித்தது.

சில தோழர்கள் "அப்படியானால் கெமராவே வேண்டாம், கண்டால் உடைப்போம்" என்கிறார்கள். அது தவறு. உடைத்தால் சிறுத்தை போன தடமும் நமக்குத் தெரியாமல் போகும், அலுவலகத்தில் பழைய பதிலும் திரும்பி வரும். சண்டை கருவியோடு அல்ல. படம் யார் கையில் போகிறது என்பதுதான் சண்டை.

ஆகவே எமது கோரிக்கைகள்:

ஒன்று: கெமரா கட்டும் இடத்தைத் தோட்டக் கமிட்டியும் பெண் தொழிலாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கட்டிய மரத்தில் தமிழில் அறிவிப்பு வைக்க வேண்டும். பகலில், வேலை நடக்கும் மலையில் அது நிறுத்தப்பட வேண்டும்.

இரண்டு: இரவுப் படத்தில் சிறுத்தை இருந்தால், காலைப் பிரட்டில் பெயர் போடுமுன் அதைச் சொல்ல வேண்டும். அந்த மலையை விட்டு வேறு மலை கொடுக்க வேண்டும். அதற்காக ஒருவருக்கும் அரைப்பேர் போடக் கூடாது.

மூன்று: மனிதர் விழுந்த படம் கமிட்டிப் பெண்கள் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும். வேலையை வேவு பார்க்க ஒரு படமும் பயன்படக் கூடாது.

நான்கு: காடாகிக் கிடக்கும் மலைகள் துப்புரவாக்கப்பட வேண்டும், மலையில் கழிப்பறை வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் கெமராவின் வேலை பாதி குறையும்.

சிறுத்தையும் வாழட்டும், கொழுந்து எடுப்பவளும் மாலையில் வீடு திரும்பட்டும். அடுத்த தலைவர் கூட்டத்தில் உங்கள் டிவிஷனிலிருந்து இந்த நான்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.