அம்மா தோடும் அரைக் கிண்ணம் வெந்நீரும்

தங்கை நிச்சயதார்த்தத்துக்காக அம்மாவின் ஏழுகல் வைரத்தோட்டை வெளியே எடுத்தோம். அத்தனை கல்லும் அழுது வடிந்தன.

"அடகுக் கடைக்காரன் கல்லை மாத்திட்டான்னு அப்பவே சொன்னேனே!" என்றாள் அம்மா. என் காலேஜ் ஃபீஸுக்காக வைத்த அடகு அது. (அந்த பி.காம். இன்னும் அசலையே மீட்கவில்லை, அது வேறு கதை.)

வைரத்தைப் பற்றிப் பேச எங்கள் வடக்குத்துக்காரர்களுக்கு உரிமை உண்டு சார். பக்கத்திலே நெய்வேலியில் வெட்டுகிற பழுப்பு நிலக்கரியிலும் கார்பன், வைரமும் கார்பன். பங்காளிகள்தான், அந்தஸ்துதான் வேறே! ஆனால் வைரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எண்ணெய்ப் பசையைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேஜைமேல் கல்லும் மண்ணுமாகத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தைத்தான் வழித்தெடுத்தார்கள். அம்மா தோட்டில் இருப்பதோ பல வருஷத் தேங்காயெண்ணெய்!

டூத்பேஸ்ட்டை எடுத்தேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள். கல் தாங்குமாம், தங்கம் கீறிவிடுமாம். பிளீச்சிங் சமாசாரமும் ஆகாது. வாஷ்பேசின் பக்கமே போகாமல், கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு சொட்டு, அரைமணி ஊறல். பிறகு குழந்தையின் பழைய பிரஷ்ஷால் கல்லுக்குப் பின்பக்கம் மெல்ல ஒரு தேய்ப்பு. (திறந்த கட்டடம் என்பதால் இது. பின்பக்கம் மூடிய பழைய கட்டடம் என்றால் ஊறவைக்காதீர்கள், ஆசாரியிடம் போங்கள்.)

துடைத்து நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள். மூன்றாவது கல்லில் பொட்டுப் போல ஒரு கரும்புள்ளி. கல்யாணத்தின்போது பாட்டி கண்டுபிடித்து ரகளை பண்ணிய அதே புள்ளி!

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கடைக்காரருக்கு ஒரு பத்திரிகை வெச்சுட்டு வாடா" என்றாள்.