ஸ்கேன் மெஷினின் மூடியைத் திறப்பது யார்?

என் அத்தை மகன் அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவன். நான் முனைவர் பட்ட ஆய்வாளன். ஊர் விசேஷங்களில் எனக்கு நாற்காலி போடுகிறவர்கள் அவனிடம், “இன்னும் அந்த ரிப்பேர் வேலைதானா?” என்கிறார்கள். கேட்பது ஆதிக்க சாதியினர் அல்ல, நம் தெருக்காரர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் பழுது பார்ப்பது சி.டி. ஸ்கேன் மெஷின்களை. சென்ற ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் மெஷின் பாதி ஸ்கேனில் நின்று நின்று போனது. எக்ஸ்ரே டியூப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பேச்சு. டியூப் என்றால் பல லட்சம். இவன் மூடியைக் கழற்றி, சுழலும் பகுதிக்கு மின்சாரமும் சிக்னலும் கடத்தும் ஸ்லிப் ரிங்கைப் பார்த்தான். கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, கரித்தூள் அப்பியிருந்தது. துடைத்தான், பிரஷ் மாற்றினான், இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் நிரப்பிய உருளையை வைத்து ஸ்கேன் எடுத்தான். தண்ணீருக்கு பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது.

காலையில் வந்த மேலாளர் நேராகப் போய்க் கை குலுக்கியது, கூட வந்திருந்த பயிற்சிப் பையனிடம். பையன் கொஞ்சம் சிவப்பு. “நீங்கதான் என்ஜினியரா சார்?” இவன் கரி படிந்த கையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த பூஜ்யத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் ஹவுன்ஸ்ஃபீல்டு. சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்ல. விமானப்படையில் ரேடார் கற்று, பொறியியல் டிப்ளமோ முடித்தவர். 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைக் கார்மாக்குடன் பகிர்ந்துகொண்டார். கை வேறு, மூளை வேறு என்று பிரித்து வைத்திருப்பது அறிவியல் அல்ல, சாதிதான்.

“அப்போ நம்ம பிள்ளைங்க திரும்பவும் கைத்தொழிலுக்குப் போகணுமா? 1953 குலக்கல்வி மறந்துபோச்சா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கோபம். ராஜாஜியின் அந்தத் திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பனின் தொழில் என்றது. ஆனால் ஸ்லிப் ரிங் துடைப்பது எந்தச் சாதியின் குலத்தொழில்? அப்பனிடம் கற்க முடியாத வேலை இது. ஆய்வுப் படிப்பை விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. என் உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் அப்படித் தோன்றுவது வேறு கதை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பழுதைக் கண்டறியும் மென்பொருளை உற்பத்தி நிறுவனங்கள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகின்றன. வெளியிலிருந்து வரும் டெக்னீஷியன் மெஷினைத் தொடலாம், அதன் உள்ளறிவுக்கு அனுமதி இல்லை. கருவறை அறிந்த நமக்கு இது புதிதா?

அரசு மருத்துவமனைகளின் கதை இன்னும் மோசம். 2015இல் ஒன்றிய அரசு பராமரிப்புத் திட்டம் தொடங்கியபோது எடுத்த கணக்கில், மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரையிலான மருத்துவக் கருவிகள் செயல்படாமல் கிடந்தன. தீர்வாக வந்தது தனியாருக்கு ஒப்பந்தம். ஒப்பந்த நிறுவனம் ஆளெடுக்கும்போது இடஒதுக்கீடு கிடையாது. மருத்துவர் இடங்களுக்காகத் தெருவுக்கு வந்த நாம், ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் உருவாகியிருக்க வேண்டிய நிரந்தரப் பணியிடங்களைப் பற்றி ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை. நானும் போடவில்லை.

அடுத்த மாதம் எங்கள் தெரு இரவுப் பள்ளியில் அவனைப் பாடம் எடுக்கக் கேட்டிருக்கிறோம். கழித்துப்போட்ட சர்க்யூட் போர்டு ஒன்றைக் கொண்டுவருகிறானாம். மல்டிமீட்டர் இரண்டாவது வாங்கி வைக்கச் சொன்னான்.