மிடிக்குள்ள சத்தம் இல்லை, சோம்பல் எங்களிட்டத்தான்

"கம்பியூட்டர்ல தட்டின பாட்டுத்தானே, இதில உங்கட உழைப்பு எங்க?" எண்டு போன மாதம் ஒரு அண்ணா கேட்டார். எங்கட பட்ச் பெடியள் ஹொஸ்டல் அறையில, பழைய லப்டொப் ஒண்டில செய்த பாட்டு அது. அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. இப்ப சொல்லுறன்.

மிடி கோப்புக்குள் சத்தமே இல்லை. 1983இல் வந்த இந்த முறை எழுதி வைப்பது எந்தச் சுரம், எப்போது தொடங்குது, எப்போது நிக்குது, எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான். அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை ஒரு எண். அதே கோப்பைப் பியானோவிடம் கொடுத்தால் பியானோ, வயலினிடம் கொடுத்தால் வயலின். முழுப் பாட்டும் சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்குவது இதனால்தான். அதாவது, இது சுரம் எழுதின கொப்பி. கொப்பி பார்த்து வீணை வாசிக்கிற பிள்ளையிட்ட "உன்ர உழைப்பு எங்க" எண்டு ஆராவது கேக்கிறமா?

வீட்டில வாத்தியமும் வாத்தியாரும் இருந்தவைக்கு இந்தக் கேள்வி லேசு. எங்களுக்கு அது ரெண்டும் இல்லை. எல்எம்எம்எஸ் மாதிரி இலவச மென்பொருளும் ஒரு மவுஸும் இருந்தது. ஒரு மிடி கோப்பைத் திறந்து, மற்ற ட்ராக் எல்லாத்தையும் மியூட் பண்ணிக் கேட்ட பிறகுதான் பேஸ் என்ன வேலை செய்யுது எண்டே எனக்கு விளங்கினது.

ஆனால் எங்கட ஆக்களுக்கும் சொல்ல இருக்கு. டவுன்லோட் பண்ணின கோப்பை இழுத்துப்போட்டு, வாத்தியத்தை மட்டும் மாத்தி, தன்ர பேரைப் போடுறது களவு. "ஒலிப்பதிவைத் தொடேல்லையே" எண்டு தப்பேலாது. மெட்டு அதைப் போட்டவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசைப் படைப்பையும் பாதுகாக்கிறது.

அடுத்தது குவான்டைஸ். ஒவ்வொரு சுரத்தையும் கட்டத்தில ஒட்டி, எல்லாத்துக்கும் ஒரே அழுத்தம் வைச்சால் பாட்டில மூச்சு இராது. நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது எங்களுக்கு. பிறகு அதே நாதஸ்வரத்தைப் பியானோ ரோலின் பன்னிரண்டு கட்டத்துக்குள் அடைக்கிறம், தோடியின் காந்தாரம் ஆடாமல் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மிடியில வழி இல்லையா? பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருக்கு. அந்த வளைவைக் கையால வரைய ஒரு இரவு போகும். போகட்டும். உழைப்பு எண்டால் அதுதான்.

அண்ணா, அண்டைக்கு நான் வாயடைச்சு நிண்டதுக்குக் காரணம் மிடி இல்லை. எங்கட பாட்டில எல்லாச் சுரமும் ஒரே எண்ணில நிண்டது எனக்குத் தெரியும். திருத்திக்கொண்டு இருக்கிறம். முடிய லப்டொப்பைக் கொண்டு வாறன். பியானோ ரோலைத் திறந்து காட்டுறன், அதில எண்ணிப் பாருங்கோ உழைப்பை.