கபடி ஏலமும் கல்லூரிக் கதவும்

கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொழில்முறைக் கபடி அணியொன்றில் சேரப் புறப்படும் வாலிபனைப் பற்றி நம் ஊர்களில் இரண்டே அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. கைக்கு எட்டிய பட்டத்தை விட்டுவிட்டுக் கானல் நீரைத் துரத்தும் விவேகமற்றவன் என்பது ஒன்று. வீடு தேடி வரும் லட்சுமியை வாசலில் நிறுத்திவிட்டுப் பாடப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பதா என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே அந்தப் பிள்ளையை மட்டும் விசாரணைக் கூண்டில் ஏற்றி, அவன் விட்டுச் செல்லும் கல்லூரியையும், அவனை ஏலத்தில் எடுக்கும் அணியையும், இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் அரசாங்கத்தையும் விசாரணைக்கு வெளியே விட்டுவிடுகின்றன. அவன் போவது நியாயமே; அவன் திரும்பி வரும்போது படிப்பின் வாசல் அடைபட்டிருப்பதே அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

சித்தன்னவாசல் குன்றின் அருகில், வானம் பார்த்த நிலமும் கண்மாய்ப் பாசனமுமாக ஜீவனம் நடத்தும் எங்கள் அன்னவாசல் வட்டாரத்துக்கு உடல்வலிமை புதிய செல்வமன்று. தை மாதம் வாடிவாசல் திறக்கும்போது காளையின் திமிலை அணையும் அதே தோள்கள்தாம், பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி மின்விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டிகளிலும் களம் காண்கின்றன. அந்தக் களத்தில் பெயர் எடுத்த பையனுக்கு ஒரு தலைமுறைக்கு முன்வரை இருந்த பாதை தெளிவானது: விளையாட்டு ஒதுக்கீட்டில் புதுக்கோட்டையிலோ திருச்சிராப்பள்ளியிலோ ஒரு கல்லூரியில் இடம், பல்கலைக்கழக அணிக்காகச் சில ஆண்டுகள் ஆட்டம், அதன்பின் ரயில்வேயிலோ, காவல் துறையிலோ, மின்வாரியத்திலோ, வங்கியிலோ ஓர் உத்தியோகம். ஆட்டம் வேலைக்கு வழி காட்டியது; வேலை ஆட்டக்காரனை முதுமைவரை காத்தது. அந்தப் பாதையில் செல்வம் குறைவு. ஆனால் முழங்கால் முறிந்தவனுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதி இருந்தது.

2014ஆம் ஆண்டு ஜூலையில் எட்டு அணிகளுடன் புரோ கபடி லீக் தொடங்கியபோது இந்தப் பாதையின் திசையே மாறியது. அவ்வாண்டு ஏலத்தில் மிக உயர்ந்த விலை பெற்ற ராகேஷ் குமாரைப் பாட்னா அணி 12.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. எட்டே ஆண்டுகள் கழித்து, 2022இல், பவன் செராவத்துக்குத் தமிழ் தலைவாஸ் அணி கொடுத்த தொகை 2.26 கோடி ரூபாய். 2017இல் அணிகள் பன்னிரண்டாகப் பெருகித் தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி உருவானது. ஐந்து வாரத்தில் முடிந்த பருவம் மூன்று மாதமாக நீண்டது. புதிய இளம் வீரர்களைத் தேடி எடுப்பதற்கென்று தனி ஏற்பாடுகளும் எழுந்தன. சேற்றிலும் புழுதியிலும் புரண்ட ஆட்டம் மேட் விரிப்பின்மீது ஏறி, தொலைக்காட்சியில் நாடெங்கும் தெரியத் தொடங்கிய பிறகு, பி.காம். இரண்டாம் ஆண்டு வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ரெய்டருக்கு அந்த வகுப்பறை குறுகித் தோன்றினால் அதில் ஆச்சரியம் என்ன?

அவனுடைய கணக்கைச் சற்றே அனுதாபத்தோடு போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் அடகு வைத்த நகை இருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும். அண்ணன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ உழைத்து அனுப்பும் பணம் வட்டிக்கே சரியாய்ப் போகிறது. பட்டம் பெற்று வெளியேறும் நாளில் அவனுக்காக ஒரு வேலை காத்திருக்கும் என்று உறுதி கூற அவனுடைய பேராசிரியராலும் முடியாது. சரீரமோ யாருக்காகவும் காத்திராது. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்தபின் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றது உண்மையே. எனினும் அத்தகையவர் லட்சத்தில் ஒருவர். மற்றவர்களுக்கு வேகமும் மூச்சும் உச்சத்தில் நிற்பது சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளும் கல்லூரி ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுவது அவன் செய்த பிழையன்று. இருபத்தைந்தில் படிக்கலாம், முப்பதிலும் படிக்கலாம். முப்பத்தைந்தில் முதல் ரெய்டு போக முடியாது. ஆகவே அவன் அவசரப்படுவது அறியாமையால் அன்று. தன் செல்வம் எவ்வளவு சீக்கிரம் கரையக்கூடியது என்பதை அவன் நம்மைவிட நன்றாக அறிந்திருப்பதால்தான்.

ஆனால் அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லாத இன்னொரு கணக்கும் உண்டு. பன்னிரண்டு அணிகள், ஓர் அணிக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பேர் என்றால், இந்தியா முழுவதற்கும், ஈரான் முதலிய தேசங்களிலிருந்து வருவோரையும் சேர்த்து, முந்நூறு இடங்களே இருக்கின்றன. ஹரியானாவின் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் அந்த இடத்துக்காகவே வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் தலைவாஸ் பெருந்தொகை கொடுத்து எடுக்கும் நட்சத்திரங்களும் பெரும்பாலும் வடநாட்டவரே. இடம் கிடைத்தாலும் அது நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2.26 கோடிக்கு வந்த அதே பவன் செராவத், 2022 அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரில் தமிழ் தலைவாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, தொடங்கிய சில நிமிஷங்களில் முழங்கால் காயமுற்று அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அவர் ஏற்கெனவே புகழின் சிகரத்தில் இருந்தவர்; சிகிச்சை பெற்று மீண்டு, மறு ஆண்டு ஹாங்ஜோவில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அதே காயம், ஆறு மாதத்துக்கு முன்வரை கல்லூரியில் இருந்துவிட்டு, குறைந்த ஊதியத்துக்கு மாற்று வீரனாய் ஒப்பந்தமான நம் பையனுக்கு நேர்ந்திருந்தால், அவன் ஊருக்குத் திரும்பும்போது கையில் என்ன இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் மனம் பதறுகிறது.

அவன் கையில் இருக்கக்கூடியது ஒரு பாதிப் படிப்பு. அதைக் கூட நம் ஏற்பாடுகள் செல்லாக் காசாக்கிவிடுகின்றன. நமது கல்லூரிகளின் ஒற்றைப்படை செமஸ்டர் ஆடியில் தொடங்கிக் கார்த்திகையில் பரீட்சையோடு முடிகிறது. லீக்கின் பருவமோ 2022இல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 2024இலும் அவ்வாறே, 2025இல் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரை என்று, அந்தச் செமஸ்டரின் நடு நெஞ்சிலேயே வந்து அமர்கிறது. பயிற்சி முகாமையும் சேர்த்தால் எழுபத்தைந்து சதவீத வருகைப்பதிவு என்பது அவனுக்கு எட்டாக் கனி. வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லையேல் எல்லாப் பாடமும் அரியர். அரியர் குவிந்தபின் கல்லூரிக்கு முகம் காட்ட அவனுக்கே கூச்சம். இப்படி, படிப்பை விட்டுவிட வேண்டும் என்று அவன் ஒருநாளும் தீர்மானிக்காமலே படிப்பு அவனை விட்டுப் போய்விடுகிறது. பிரிந்து செல்வதை அவனுடைய சுதந்திரத் தீர்மானம் என்று நாம் பேசுவது எத்தனை பெரிய பொய்!

இந்தப் பிரச்சினையை நமக்கு வெகுகாலம் முன்பே சந்தித்த தேசம் அமெரிக்கா. அங்கே கூடைப்பந்தின் பெரிய லீகாகிய என்.பி.ஏ., பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் கழியாத எவனையும் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தது. மிசிசிப்பியில் சிறு வயதில் பருத்தி எடுத்து வளர்ந்த ஸ்பென்ஸர் ஹேவுட் என்ற வாலிபர் அந்த விதியை எதிர்த்து வழக்காடினார். 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வறியவனின் சம்பாதிக்கும் உரிமையைப் படிப்பின் பெயரால் பறிக்கலாகாது என்ற நியாயம் அதன்மூலம் வேரூன்றியது. பின்னர் கெவின் கார்னெட்டும் லெப்ரான் ஜேம்ஸும் பள்ளியிலிருந்தே நேராக லீகுக்குச் சென்றார்கள். 2005இல் பத்தொன்பது வயது நிரம்பவேண்டும் என்ற வரையறை வந்ததும், ஓராண்டு மட்டும் கல்லூரியில் தங்கிவிட்டு வெளியேறுவது வழக்கமாயிற்று. அந்த விதிகளையெல்லாம்விட நாம் கற்கவேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, அங்கே திரும்பி வருவதற்கு மரியாதையான வழி உண்டு. மைக்கேல் ஜோர்டன் 1984இல் மூன்றாண்டுப் படிப்போடு வடகரோலினாப் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டார். 1986இல் பட்டத்தை முடித்தார். ஷகீல் ஓ’நீல் 1992இல் விட்டுச் சென்ற பட்டத்தை 2000இல் பெற்றார். டிம் டங்கனோ, படிப்பை முடிப்பேன் என்று இறந்துபோன தம் தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காத்து நான்கு ஆண்டும் படித்து, 1997இல் முதல் ஆளாகத் தேர்வானார். லீகில் தம் மதிப்பு என்ன என்று சோதித்துப் பார்க்கப் பெயர் கொடுத்த மாணவர், குறித்த நாளுக்குள் பெயரை விலக்கிக்கொண்டு கல்லூரி அணிக்கே திரும்பவும் அங்கே இடமுண்டு. இரண்டாவது, 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயராலும் முகத்தாலும் பொருளீட்டலாம் என்று அனுமதித்த பிறகு, முன்கூட்டியே வெளியேறப் பெயர் கொடுப்போர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. வறுமையின் நிர்ப்பந்தம் தளர்ந்தால் இளைஞர்கள் தாமாகவே வகுப்பறையில் தங்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

‘சதுரங்க வீரர் குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தவில்லையா, 2024இல் உலக சாம்பியன் ஆகவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மகத்தான பிள்ளையை நானும் வணங்குகிறேன். ஆயினும் லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டே 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்தும் இதே தமிழ்நாட்டவர்தாம். மேலும் சதுரங்கத்தில் தோற்றவனின் முழங்கால் முறிவதில்லை. வென்ற ஒருவரின் சரித்திரத்தைக் காட்டித் தோற்கவிருக்கும் நூறு பேருக்கு வழி சொல்வது தர்மமாகாது. பஞ்சாபின் சத்னாம் சிங் 2015இல் டல்லாஸ் அணியால் தேர்வு செய்யப்பட்டபோது நாடே கொண்டாடியது; ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. தேர்வு என்பது வாசற்படி மட்டுமே என்பதை அவருடைய கதை கற்பிக்கிறது.

ஆகவே நான் கேட்பது தடையை அல்ல, ஏற்பாட்டை. பாரதிதாசன் பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களும், தொழில்முறை அணியில் ஒப்பந்தமாகும் மாணவனுக்கு இரண்டாண்டுவரை விடுப்பெடுக்கும் உரிமையை விதியாக எழுதிவைக்கட்டும். அவன் தேறிய பாடங்கள் அழியாமல், அவனது இடம் பிறருக்குப் போகாமல் காக்கப்படட்டும். பருவம் குறுக்கிட்ட செமஸ்டரின் பரீட்சையைச் சித்திரையில் எழுத அனுமதிக்கட்டும். தேர்வு முகாமுக்குச் சென்று இடம் கிடைக்காமல் திரும்புபவன் தன் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்தை இழக்கலாகாது. அணிகள், முதல் ஒப்பந்தத் தொகையின் ஒரு பங்கை அவன் பெயரில் படிப்புக்கென்று வைப்பு நிதியாக இட்டு, ஒப்பந்தம் முடிந்தபின்னும் பழைய காயத்துக்கு மருத்துவச் செலவு ஏற்கட்டும். ஒப்பந்தப் பத்திரம் தமிழில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் அவனும் அவன் பெற்றோரும் அணியின் சம்பளம் வாங்காத ஒரு வழக்கறிஞரோடு அமர்ந்து அதைப் படிக்கட்டும். கோச் என்பவர் அவனுக்குக் குருவாகவே இருக்கட்டும், தரகராக வேண்டாம்.

இதனால் அரசாங்கத்துக்குப் பெரிய செலவு எதுவுமில்லை. நன்மையோ மிகப் பெரிது. அரசுப் பணிகளில் சாதனை விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அளித்திருக்கிறது. ஆனால் அந்தப் பணிகளில் மேலானவை பட்டத்தைக் கேட்கின்றன. ஒரு கையால் ஒதுக்கீட்டை நீட்டிவிட்டு, மறு கையால் அதற்கான தகுதியை அவன் அடையவொட்டாமல் தடுப்பது எப்படி நீதியாகும்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், சென்னைக் கண்ணகி நகர்ப் பெண்ணும் வடுவூர்ப் பையனும் இந்தியக் கபடி அணிகளில் ஆடித் தங்கம் வென்று திரும்பியபோது அரசு ஆளுக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் பரிசளித்தது. அதைக் கண்டு உள்ளம் பூரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண்ணுக்கோ, ஆண்களுக்கு இருப்பதுபோல் ஆண்டுதோறும் நடக்கும் லீக் கூட இல்லை. மூன்று அணிகளோடு 2016இல் நடந்த மகளிர் கபடிப் போட்டி ஒரே பருவத்தோடு நின்றுபோயிற்று. அவளைப் போன்றவர்களுக்குப் பட்டமே ஜீவனாதாரம். பரிசு ஒருநாள் தருவது. படிப்பு காலமெல்லாம் தருவது.

லீகின் ஏலம் பல ஆண்டுகளில் கோடைக்காலத்தை ஒட்டியே வந்திருக்கிறது. கல்லூரிகளின் புதிய வகுப்புகளும் அதையடுத்தே தொடங்குகின்றன. அடுத்த ஏலத்துக்கு முன் பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்கள் கூடி இந்த விடுப்பு விதியை இயற்றிவிட்டால், இவ்வட்டாரத்திலிருந்து புறப்படும் பிள்ளை தன் எதிர்காலத்தை முழுவதுமாகப் பணயம் வைக்காமலே ஆடப் போகலாம். விதி எழுதும் அதிகாரம் உள்ளவர்கள் அதை எழுத வேண்டும். நம் பிரதிநிதிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பெற்றோர்கள் அதுவரை, பிள்ளையின் டி.சி.யைக் கல்லூரியிலிருந்து வாங்கிவிடாமல் பிடிவாதமாய் நிற்க வேண்டும்.