ஒரே உறையில் இரண்டு கத்தி!



நம்ம லேபில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்களைக் கழிச்சிடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. காரணம், அவற்றில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 கேட்கிறது. நம்ம பெட்டிகளில் அது இல்லை. அதுக்காக நல்லா ஓடுற மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பணுமா?

"விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸ் போடு" என்கிறார்கள் சிலர். அதுவும் சரியில்லை. மார்க் லிஸ்ட் போடும் புரோகிராம் விண்டோஸில்தானே ஓடுது?

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். கம்ப்யூட்டரிடம் அந்தப் பழமொழி செல்லாது! ஹார்ட் டிஸ்கைப் பிரித்து இரண்டையும் வைக்கலாம். ஆன் செய்ததும் "எது வேணும்?" என்று கேட்பதுதான் பூட் லோடர். லினக்ஸில் பெரும்பாலும் வருவது க்ரப். நம்ம மாதிரிப் பழைய பயாஸ் மெஷினில் அதன் முதல் துண்டு டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் உட்காரும். அதிலும் புரோகிராமுக்கு 446 பைட்தான். இந்தக் கட்டுரையே அதைவிடப் பெரிசு! அந்தத் துளிதான் மீதி க்ரப்பை இழுத்து வந்து மெனுவைக் காட்டுது.

விண்டோஸை இன்ஸ்டால் செய்தால் அது அந்த இடத்தில் தன் ஆளை உட்கார வைத்துவிடும். அதனால் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். நமக்கோ விண்டோஸ் ஏற்கெனவே இருக்கு, பாதி வேலை முடிஞ்சது!

ஃபைல் அழிஞ்சிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் காப்பி எடுக்கணும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தணும். பார்ட்டிஷன் பிரிக்கும்போது கரண்ட் போனால் ஆபத்து, யு.பி.எஸ். அவசியம்.

பிறகு இன்டர்நெட்டுக்கு லினக்ஸ், நெட் இல்லாத வேலைக்கு விண்டோஸ். பிளஸ் ஒன்னில் படிக்கும் சி++, பிளஸ் டூவில் படிக்கும் பைத்தான் இரண்டையும் லினக்ஸில் பைசா செலவில்லாமல் செய்யலாம்.

இது புதுசும் இல்லை. தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத எங்களுக்கு இந்த லேப்தான் எல்லாம். கழிக்கும் முன் ஒரே ஒரு பெட்டியில் செய்து பார்க்க அனுமதி தாருங்கள். சனிக்கிழமை வர நாங்க ரெடி!

– பதினோராம் வகுப்பு மாணவி